இரண்டு பேர் இருந்தால்தான் கிளப்

யுத்தம் முடிந்துவிட்டதென்று றேடியோ சொன்ன வருஷம், மாமாங்கத் தீர்த்தத்தோடு ஒட்டிச் சூரியகிரகணம் பிடித்த வருஷம், பன்றிக் காய்ச்சல் வருகிறதென்று பஸ்ஸில் ஆட்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு போன வருஷம், ஆவணி பிறக்க இரண்டு நாள் இருக்கிற சனிக்கிழமை, மத்தியானச் சோறு தின்ற பிறகு, மட்டக்களப்பு வாவிக்கரைத் தோணிக் கொட்டிலில் இருந்து எழுதுவது.

லண்டன் பட்டணத்தில் என் மகள் தவமலரைக் கைப்பிடித்து, அந்தக் குளிரிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மருமகன் கனகசிங்கம் அவர்களுக்கு, மாமன் கந்தப்போடி சொல்லச் சொல்ல, அரசாங்கக் கச்சேரி வாசலில் மனு, பெட்டிசம் எழுதும் சரீப் எழுதிக்கொள்வது. இங்கே நான், இடது முழங்காலைத் தவிர, மற்ற இடமெல்லாம் சுகம். அங்கே தாங்களும் மகளும் பேரப்பிள்ளைகளும் முழங்கால் உட்படச் சுகமாக இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். சனிக்கிழமை கச்சேரி பூட்டு என்பதால் சரீப் தன்னுடைய மைப்பெட்டியோடும் பெருவிரல் அடையாளப் பெட்டியோடும் என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டார். நான் 'வாறன்' என்று சொன்னால் அவர் 'வருகிறேன்' என்று எழுதுகிறார். நல்லதுதான், லண்டனுக்குப் போகிற கடிதம் கொஞ்சம் சட்டை போட்டுக்கொண்டு போகட்டும்.

போன கிழமை ரெலிபோனில் தாங்கள், "மாமா, விசா வந்திட்டு, டிக்கெட்டும் அனுப்பி ஒண்டரை மாசம். வாறீங்களா இல்லையா? ஒரு சொல்லில சொல்லுங்க" என்று கேட்டீர்கள். வருகிறேன். ஒரு சொல் முடிந்தது. ஆனால் இந்தச் சொல்லைச் சொல்ல ஏன் இத்தனை நாள் எடுத்தது என்று சொல்லாவிட்டால், தாங்கள் களுவாஞ்சிக்குடிப் பிள்ளை, இந்தப் பக்கத்துக் கதை தெரியாது, மாமன் சனிக்கிழமை பின்னேரங்களில் சாராயத்துக்குப் போகிறார், அதை விட்டு வர மனமில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். மகளும் சின்ன வயதில் அப்படித்தான் நினைத்தாள். அவளுடைய தாய், கண்ணை மூடுமட்டும் அப்படியே நினைத்தாள். நான் போனது ஜாஸ் கிளப்புக்கு.

சிரிக்க வேண்டாம். சூறாவளி அடித்துத் தென்னையெல்லாம் படுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் அது தொடங்கியது. எனக்குப் பேரில்தான் போடி, நூறு ஏக்கர் வயற்காரனுக்கு வைக்கிற பேர். கையில் இருந்தது ஒரு தோணி. வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு, தோணி விளிம்பில் சவள் துடுப்பால் டக் டக் டடக் என்று தட்டினால் மீன் மிரண்டு வலைக்குள் ஓடும். அப்படி ஒரு பின்னேரம் தட்டிக்கொண்டிருக்கிறேன், கரையில் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் பித்தளைக் குழலொன்றை வாயில் வைத்து என் தட்டுக்கெல்லாம் பதில் சொல்கிறார். மீன் எந்தப் பக்கம் மிரளுவது என்று தெரியாமல் வலையைத் தாண்டிப் போய்விட்டது. "ஆரடா அவன், சோத்தில மண் போட வந்தவன்?" என்று ஏசிக்கொண்டே கரைக்குப் போனேன். அவர் கடற்கரை டச்பாரில் இருக்கிற பறங்கி மனிதர், டன்ஸ்டன் அந்திராதோ. பன்னிரண்டு வருஷம் பயணிகள் கப்பலில் கொர்னெற் ஊதிவிட்டு ஊருக்கு வந்திருக்கிறார்.

"ஏசாத மேன். இந்த அடிய நீ எங்க படிச்ச?" என்றார்.

"இது மீன் கலைக்கிற அடிகா."

"மேன், பன்னிரண்டு வருஷமா நான் கப்பல் கப்பலா இந்த அடிக்குத்தான் ஆள் தேடின."

அடுத்த சனிக்கிழமை இந்தக் கொட்டிலில் தொடங்கினோம். பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கி, விளக்கு வைக்கிற நேரம் முடிப்பது. ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். "எல்லாரும் வீட்டுக்குத்தான் போற. ஆனா ஒராளும் நேர் றோட்டால போகக்கூடாது" என்றார். எனக்கு அது உடனே விளங்கிவிட்டது. நான் வாழ்க்கையில் ஒருநாளும் நேர் றோட்டால் வீட்டுக்குப் போனதில்லை. மூன்றாவது ஆளாக வந்தவர் முகைதீன்பாவா. காத்தான்குடியில் புடவை வியாபாரம், நல்ல சிவந்த மனிதர், புடவைப் பொட்டலத்துக்குள் புல்புல்தாரா வாத்தியத்தை ஒளித்துக்கொண்டு அக்கரையிலிருந்து தோணியில் வருவார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது, அது ஒடுங்கி ஒரு கூப்பிடு தூரமாக நிற்கிற இடம் இது. அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே தெரிவதுதான் அவருடைய வளவு.

மூன்று பேராகச் சேர்ந்த முதல் சனிக்கிழமையே, பாட்டு நல்லாய் ஏறிக்கொண்டிருக்கும்போது டன்ஸ்டன் பெரிய தும்மல் ஒன்று தும்மினார். நான் பயந்து கையை எடுத்துவிட்டேன், பாவாவும் நிறுத்திவிட்டார், பிறகு மூன்று பேரும் ஒன்றாகத் திரும்ப அடியில் விழுந்தோம். டன்ஸ்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த இடம் நல்லா இருக்கு. அத அப்படியே வச்சிருங்க" என்றார். அதற்குப் பிறகு முப்பது வருஷமாக, எந்தப் பாட்டாக இருந்தாலும், மூன்றாவது சுற்றில் ஒரு தும்மலுக்கு இடம் விட்டுத்தான் அடிக்கிறோம். தகரத்தில் போர்டும் எழுதினார். மேலே பெரிய எழுத்தில் இருப்பது என் பேர் என்று முப்பது வருஷம் அதை எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தேன். இன்றைக்குச் சரீப் வாசித்துச் சொன்னார், அது 'இங்கே தோணி கட்டாதே'. அதற்குக் கீழேதான் கிளப்பின் பேரும், மூன்று உறுப்பினர் பேரும், நாலாவது ஆளுக்கென்று ஒரு வெறும் வரியும். சட்டம் ஒன்றே ஒன்று, அது போர்டில் இல்லை, டன்ஸ்டனின் வாயில் இருந்தது: "ஒராள் அடிச்சா அது விசர், பைத்தியம். ரெண்டு பேர் இருந்தாத்தான் கிளப்."

சனம் வந்தது, மருமகன். பத்து, பதினைந்து பேர் தவறாமல் வந்து தண்ணீர்க்கரையில் குந்தியிருப்பார்கள். எனக்கு நெஞ்சு இத்தனை பெரிசாக வீங்கியிருந்தது. ஐந்தாறு வருஷம் போன பிறகுதான் பார்த்தேன், என் அடிக்கு மிரண்டு வருகிற மீனெல்லாம் கொட்டிலடி மூலைக்குள் சேர, அதற்கு நேரே அவர்கள் வலை கட்டியிருக்கிறார்கள். பாட்டு முடிந்து அவர்கள் கை தட்டினார்களே, அது எங்களுக்கா, மீனுக்கா என்று டன்ஸ்டனிடம் கேட்டேன். "கப்பல்லயும் அவங்க சாப்பிடத்தான் வந்த மேன்" என்றார்.

பிறகு இக்கரைத் தமிழருக்கும் அக்கரை முஸ்லிம்களுக்கும் நடுவில் இரத்தம் விழுந்த தொண்ணூறாம் ஆண்டு வந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம் என்று சரீப் சொன்னார், நானும் வேண்டாம் என்றேன். அவர் அக்கரை மனிதர், நான் இக்கரை. சரீப் எழுதுகோலைத் துடைத்து மையில் தோய்த்துக்கொண்டு இப்போதுதான் திரும்ப எழுதத் தொடங்குகிறார். பாலத்தால் ஆள் வராது, ஆற்றில் தோணி ஓடாது, பாவா வரவில்லை. டன்ஸ்டனும் நானும் இரண்டு பேராக அடித்தோம். மூன்றாம் சனிக்கிழமை, ஆறு கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது, காற்று இல்லை, ஒரு கொக்கு தன்னுடைய நிழலின் மேலேயே நித்திரை கொள்கிறது, அக்கரைத் தென்னைகளுக்குள்ளிருந்து டக் டக் டடக் என்று தறிச் சத்தம். கைத்தறி. முதலில் யாரோ நெய்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது சுற்று வந்தது, தறி நின்றது. தும்மலுக்கு இடம் விட்டது. பிறகு விழுந்தது. டன்ஸ்டன் கொர்னெற்றைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "பாவா மேன்," என்றார்.

ஆனால் ஆற்றைத் தாண்டி வர சத்தத்துக்கும் நேரம் எடுக்கும்தானே. அவர் அடி எப்போதும் எங்களுக்கு ஒரு இழை பிந்தித்தான் வந்து சேரும். முதலில் சண்டை பிடித்தோம், ஓடிப் பிடிக்கப் பார்த்தோம், கடைசியில் நாங்களும் ஒரு இழை பிந்தி அடிக்கப் பழகிக்கொண்டோம். கனவில் நடக்கிறவன் காலை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்கிற மாதிரி ஒரு அடி. பன்னிரண்டு வருஷம் இப்படி. இதற்கிடையில் காட்டுக்குள்ளிருந்து துவக்கோடு வந்த பெடியன்கள் இரண்டு பேர், காதல் பாட்டு எதற்கு, எழுச்சிப் பாட்டு அடியுங்கள் என்றார்கள். டன்ஸ்டன் அவர்கள் கேட்ட பாட்டையே, ஒரு இழை பிந்தி, நேர் றோட்டால் போகாமல் அடித்துக் காட்டினார். அவர்கள் பாவம், பாட்டின் நடுவிலேயே எழும்பிப் போய்விட்டார்கள். அடுத்த மாதம் பச்சை உடுப்புக்காரர் வந்து, அக்கரைக்கு என்ன செய்தி அடிக்கிறாய் என்று என்னை முகாமுக்குக் கொண்டுபோய் மேசையில் அடிக்கச் சொன்னார்கள். அடித்தேன். அங்கே சோறு சமைக்கிற சிப்பாய் கரண்டியோடு வாசலில் வந்து நின்று ஆடத் தொடங்கிவிட்டான். பெரியவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, போ போ என்று விட்டுவிட்டார்.

சமாதானமென்று பாதை திறந்த வருஷம் சந்தையில் பாவாவைக் கண்டேன். கட்டிப்பிடித்தோம். "பாவா, உங்கட கை என்ன கை! இனி சனிக்கிழமை இங்கால வாங்க" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போய்ச் சிரித்தார். "நான் இங்கால வந்தா அங்கால சத்தம் வரணுமே, கந்தப்போடி. அது நிண்டிரப்படாது" என்றார். பெருந்தன்மையான மனிதர், கிளப்புக்காகத் தன் ஆசையை அடக்குகிறார் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை வருவார், திங்கட்கிழமை வருவார், பிளேன்ரீ குடிப்பார். சனிக்கிழமை மட்டும் வரமாட்டார். "போன சனி எப்படி?" என்று கேட்பார். நல்லாயிருந்தது என்றால் கண் நனையும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கடல் ஊருக்குள் வந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில் என்பது தங்களுக்குத் தெரியும். அதற்கு முதல்நாள் சனிக்கிழமை, நத்தார், கிறிஸ்து பிறந்த நாள். டன்ஸ்டன் புதுச் சட்டையோடு வந்து ஊதினார். "அடுத்த சனி புதுவருஷம் மேன், புதுசா ஒண்டு கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் டச்பாருக்குப் போனார். திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தபோது அவர் வீடு நின்ற இடத்தில் கடல் வெள்ளை மணலை ஒரு பாய் மாதிரி விரித்து, மடிப்பில்லாமல் தடவிவிட்டுப் போயிருந்தது. சைக்கிள் மணி மட்டும் கிடைத்தது. காத்தான்குடிப் பக்கமும் கடல் அள்ளிக்கொண்டு போனதென்றார்கள். பாவா இருக்கிறாரா, இல்லையா, கேட்க ஆளில்லை. புதுவருஷச் சனிக்கிழமை, ஐந்து மணிக்கு, ஒன்றுக்கும் இல்லை, பழக்கத்துக்குக் கொட்டிலில் வந்து இருந்தேன். தோணி விளிம்பில் தட்டினேன். ஆற்றில் செருப்புகளும் கதிரைகளும் மிதந்துகொண்டிருந்தன, அவைகளும் கேட்பது மாதிரி இருந்தது. முதல் சுற்று, சத்தமில்லை. இரண்டாவது சுற்று, இல்லை. மூன்றாவது சுற்றில் டன்ஸ்டனுக்காக நிறுத்தினேன். திரும்ப நான் விழும்போது, ஒரு இழை பிந்தி, தறியும் விழுந்தது. மருமகன், நான் அழுகிற ஆள் இல்லை, அன்றைக்கு மூக்கைச் சிந்திக்கொண்டே அடித்தேன். கிளப் இருந்தது. இரண்டு பேர் இருந்தோம்.

அதற்குப் பிறகு நிவாரணக்காரர் வந்து ஆளுக்கொரு வாளி தந்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்து வாளிக்கும் ஒவ்வொரு சுருதி. நீல வாளி கனத்த குரல், சிவப்பு வாளி கீச்சு. நான் தட்டுவதற்கென்று மூன்று வரிசையில் நின்று மூன்று வாளி வாங்கினேன், கள்ளமாகத்தான், பிள்ளையார் மன்னிப்பார். அவர்களில் ஒரு வெள்ளைக்காரப் பெண், தானும் சக்ஸபோன் ஊதுகிறவளாம், ஒரு சனிக்கிழமை கேட்டுவிட்டு, இவ்வளவு பிந்தி அடிக்க எந்தக் குருவிடம் படித்தீர்கள் என்று ஆள் வைத்துக் கேட்டாள். "தண்ணிக்கு மேலால வர சுணங்கும் பிள்ளை" என்றேன். அவள் அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள்.

இந்த வருஷம் சித்திரை வருஷப் பிறப்புக்கு ஒரு கிழமை முந்தி பாவா காலமானார். காய்ச்சல், இரண்டு நாள், முடிந்தது. நான் அடக்கத்துக்குப் போய் மதிலுக்கு வெளியே நின்றேன். அடுத்த சனிக்கிழமை அடித்தேன். அக்கரை சும்மா கிடந்தது. அதற்கடுத்த சனி, அதற்கடுத்த சனி. யுத்தம் முடிந்ததென்று வெடி கொளுத்தின கிழமை, ஊரில் பாதிப் பேர் வன்னிப் பக்கம் போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லாமல் வாசலில் இருந்தார்கள். அந்தச் சனிக்கிழமையும் போனேன். 'சண்டை முடிஞ்சுதாம், பாவா' என்று அடித்தேன். என் அடி போய் அக்கரைத் தென்னையில் தட்டி எனக்கே திரும்பி வந்தது. பதினெட்டுச் சனிக்கிழமை தனியே அடித்தேன். ஒராள் அடித்தால் விசர் என்பது சட்டம். எழுபத்து நாலு வயதில் விசரனாக இருப்பதைவிட லண்டனில் இருப்பது நல்லது. ஆகவேதான் வருகிறேன் என்றேன். இன்றைக்குப் பத்தொன்பதாவது சனி. நான் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டேன், கையைக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரம் ஐந்தாகப் போகிறதென்று சரீப் தன் மணிக்கூட்டைப் பார்க்கிறார்.

வரும்போது கருவாடு கொண்டுவரலாமா, தோணியை யாருக்குக் கொடுப்பது, அங்கே உங்கள் வீட்டுச் சுவர் மெல்லியதா தடித்ததா, நான் நித்திரையிலும் விரலால் தட்டுகிற ஆள், இதையெல்லாம் மகளிடம் கேட்டு எழுதவும். பேரப்பிள்ளைகளுக்கு உச்சிமுகர்ந்த முத்தம். மகளுக்கு, அவளுடைய தாய் இருந்திருந்தால் சொல்லக்கூடிய எல்லாம். தங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும். இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிவுள்ள மனுதாரர் என்று சரீப் கை பழகின தோஷத்தில் எழுதிவிட்டார், வெட்டினால் அசிங்கம், இருக்கட்டும்.

கந்தப்போடி, இடது கைப் பெருவிரல் அடையாளம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மருமகன் கோபிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன். பெருவிரலை வைத்துவிட்டு, மையைத் தோணி விளிம்பில் துடைத்தேன். என் கை விளிம்பில் பட்டால் சும்மா இருக்கிற கை இல்லை. டக் டக் டடக் என்று போய்விட்டது. நிறுத்துவோம் என்று நினைத்தேன், அதற்குள் மூன்றாவது சுற்று வந்துவிட்டது, டன்ஸ்டனுக்கு இடம் விட்டேன், திரும்ப விழுந்தேன். ஒரு இழை பிந்தி, அக்கரையில், தறி.

 "சரீப், பாவா மௌத்தாகித்தானே போனார்?" என்று கேட்டேன். சரீப் எழுதுகோலை வைத்துவிட்டு விரலை மடித்து எண்ணினார்.

"இண்டைக்குச் சனி. வியாழக்கிழமையோட இத்தா முடிஞ்சிரிக்கி."

"ஆருக்கு?"

"பாவா காக்காட பொஞ்சாதிக்குத்தான். புரிசன் மௌத்தானா நாலு மாசமும் பத்து நாளும் வெள்ள உடுத்து வீட்டுக்குள்ளதானே இரிக்கிற. வளவுக்க இறங்கித் தறியில குந்த ஏலுமா?"

"அந்தத் தறி பாவாட இல்லையா?"

சரீப் என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாவா காக்காவா? அவருக்குப் புடவைய மடிக்கத்தான் தெரியும், கந்தப்போடி. தறியில ஒரு நூல் கோர்க்கத் தெரியா. அந்தத் தறி எந்த நாளும் அவர்ட பொஞ்சாதி ராத்தாடதான். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது, மருமகன். இத்தா என்றொரு முறை இருப்பது தெரியும், எழுபத்து நாலு வருஷம் அவர்களோடு ஆற்றைப் பங்குபோட்டவன், இருந்தும் அந்த மௌனத்தை எண்ணிப் பார்க்கத் தெரியவில்லை. பாதை திறந்த பிறகு ஏழு வருஷம் நான் பாவாவின் கையைப் புகழ்ந்தேன், அவர் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே அந்தப் புகழை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அந்த மனுசி ஒருநாளும் இந்தக் கொட்டிலுக்கு வந்ததில்லை. அவவின் முகத்தை நான் கண்டதில்லை. அக்கரையில் இருந்து முதல் சனிக்கிழமைத் தும்மலைக் கேட்டவ, கேட்டதை மறக்காதவ. இந்த வரியை எழுதும்போதும் அடித்துக்கொண்டிருக்கிறா, கொஞ்சம் கை தளர்ந்துதான், நாலு மாதம் சும்மா இருந்த கையல்லவா.

ஆகவே கிளப் மூடப்படவில்லை, வர இயலாது, மன்னிக்கவும். அடுக்கின வாளிகளைத் திரும்பப் பிரித்து வைத்துவிட்டேன். சரீப்பிடம் மை இருக்கிறது, போர்டில் நாலாவது வரியும் வெறுமையாகவே இருக்கிறது, பேர் என்ன என்று கேட்டேன். முப்பது வருஷமாக நான் முகைதீன்பாவாவின் வீட்டுக்காரி என்று மட்டும் சொல்லி வந்த பேர். சரீப் எழுதுகிறார், நான் வாசிக்கத் தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். டன்ஸ்டன் இல்லை. பாவா இல்லை. நானும், அக்கரையில், ஸஹீதா.